குதிகால் பதியும் ஈரம்

பூப்பந்து ஆட்டத்தை அவர் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ஆடுகிறவர்களின் கால்களை மட்டும்தான். நடுவர் ஏறி உட்காரும் உயர நாற்காலிக்குப் பின்னால் சேலையைச் செருகிக்கொண்டு தரையோடு தரையாகக் குந்திக்கொள்வார். வலைக்கு மேலே மஞ்சள் பந்து பறப்பதும் கூட்டம் கைதட்டுவதும் அவருக்குச் சம்பந்தமில்லாத விவகாரங்கள். வலைக்குக் கீழே ஓடுகிற பத்து ஜோடி வெறுங்கால்கள் போதும். எந்த ஆட்டக்காரரின் பெயரும் அவருக்குத் தெரியாது. "அந்த ஆறு விரல்காரரு இன்னைக்குத் தாங்கி நடக்காரே, என்னன்னு கேளுங்க சார்" என்பார் என்னிடம். போய்க் கேட்டால் முதல்நாள் ஆட்டத்தில் சுளுக்கியிருக்கும்.

ஒருமுறை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நானும் அவரும் நின்றிருந்தபோது ஒரு ஆட்டக்காரர் பேண்ட்டும் ஷூவுமாக வந்து அவருக்கு வணக்கம் சொன்னார். இவர் திருதிருவென்று விழித்தார். அந்த மனிதர் எங்கள் மைதானத்தில் நாலு வருடம் ஆடியவர். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நடுத்தெருவில் ஷூவைக் கழற்றிக் காலைக் காட்டினார். "அடடே, நீங்களா" என்று அதற்குப் பிறகுதான் இவருக்கு முகம் மலர்ந்தது.

எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். மனமகிழ் மன்றச் செயலாளர் என்கிற பட்டமும் உண்டு. அந்தப் பட்டத்தில் மகிழ்ச்சி மற்றவர்களுக்கு, அலைச்சல் எனக்கு. அவர் அதே மில்லில் தோட்டப் பிரிவில் தினக்கூலி. பதினாறு வருடம் மஸ்டர் ரோலில் அவர் பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கிற என்னுடைய ஒரு காரியத்தோடு அவர் பெயர் சேர்ந்து வர வேண்டாம் என்பதுதான் காரணம். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு மகள். ஒல்லியான உடம்பு, அகலமான பாதங்கள்.

வருடாவருடம் மே மாதம் எங்கள் மில் மைதானத்தில் பூப்பந்துப் போட்டி நடக்கும். சென்னை, தஞ்சாவூர், பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ அணிகள் வரும். பூப்பந்துக்கு மண்தரைதான். பக்கத்துக்கு ஐந்து பேர், கம்பளி நூல் சுற்றிய பந்து, கையில் மட்டை. பந்து தரையில் விழுந்தால் புள்ளி போச்சு. அதனால் தரை எப்படியிருந்தால் என்ன என்று விஷயம் தெரியாதவர்கள் கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். பந்து தரையில் படாது, ஆனால் கால் படும். தரை காய்ந்து இறுகிவிட்டால் மூட்டைத் தின்றுவிடும். புழுதி கிளம்பினால் நிறுத்தி நிற்க முடியாது. ஈரம் ஒரு வாளி கூடிப்போனால் வழுக்கும். பந்துகூட ஈரக்காற்றில் கனத்துப்போகும்.

இந்த நாலையும் ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் கட்டி மேய்த்தவர் அவர். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தரையைக் கொத்திவிடச் சொல்வார். அய்யனார் கோவில் போகிற வழியில் எடுத்த செம்மண், கண்மாயில் வெட்டிய கரம்பை வண்டல், ஆற்று மணல் மூன்றையும் சலித்துக் கலந்து பரப்புவார். தண்ணீர் காட்டி, ஒருநாள் ஆறவிட்டு, கல் ரோலரை உருட்டச் சொல்வார். ரோலரை இழுக்கிற ஆட்கள் நேரே போய் நேரே வர வேண்டும். நடுவில் பேச்சு வாங்கிக்கொண்டு நின்றால், நின்ற இடத்தில் பள்ளம் விழுகிறது என்று திரும்ப முதலிலிருந்து இழுக்கச் சொல்வார். அவர்கள் வாய்க்குள் என்னத்தையோ முனகிக்கொண்டு இழுப்பார்கள்.

மேற்கே மலையிலிருந்து இறங்குகிற காற்று சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்குப் பஞ்சுப் பொதிக்குச் சுற்றி வருகிற சாக்கைப் பிரித்துத் தைத்து, மூங்கிலில் கட்டி, ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு படுதா எழுப்பியிருந்தார். வலையின் இரண்டு ஓரத்திலும் துளிப் பஞ்சை நூலில் கட்டித் தொங்கவிடுவார். எந்தப் பஞ்சு அதிகம் ஆடுகிறதோ அந்தப் பக்கத்துப் படுதாவை இறக்கிக் கட்டுவார். இரண்டு பஞ்சும் ஒன்றுபோல நின்றால்தான் மனுஷிக்கு மூச்சு வரும்.

ஒருநாள் பூவாளியால் அவர் தண்ணீர் தெளிப்பதை டைம் ஆபீஸ் புத்தியோடு எண்ணிக்கொண்டிருந்தேன். மைதானத்தின் கிழக்குப் பாதிக்குப் பதினெட்டு பூவாளி, மேற்குப் பாதிக்குப் பதினான்கு. பாரபட்சத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. ஏன் இப்படி என்று அதிகாரமாகக் கேட்டேன்.

"ஒரே அளவு ஊத்துனா ஒரே ஈரம் ஆயிருமா சார்? மேக்குப் பக்கம் கிட்டங்கி நிழலு. கெழக்குப் பக்கம் வெயிலு குடிச்சிரும்லா" என்று மேற்கே நின்ற பஞ்சுக் கிடங்கைக் காட்டினார். பிறகு செருப்பில்லாமல் ஒரு பாதியில் குதிகாலை ஊன்றிக் காட்டினார். அடுத்த பாதியிலும் ஊன்றிக் காட்டினார். இரண்டு தடமும் ஒரே ஆழம். "குதிகால் பதியணும், மண்ணு ஒட்டக்கூடாது. அம்புட்டுதான்." அதற்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஒரு வருடம் தலைமை விருந்தினராக வந்த பெரிய அதிகாரி, ஆட்டக்காரர்களுக்குக் கைகொடுக்க பூட்ஸோடு களத்துக்குள் இறங்கப் பார்த்தார். இவர் அதட்டவில்லை, கையை நீட்டி மறிக்கவும் இல்லை. ஒரு சாக்கை எடுத்து அவர் காலுக்கு முன்னால் விரித்தார். அவர் அதில் ஏறி நின்றார். இவர் அடுத்த சாக்கை விரித்தார். இப்படியே சாக்குச் சாக்காக அந்த மனிதரைப் பத்துப் பேரிடமும் கூட்டிப்போய், சாக்குச் சாக்காகவே வெளியே கொண்டுவந்து விட்டார். அந்த அதிகாரி மேடையில் பேசும்போது ராஜபாளையத்து மரியாதையைப் புகழ்ந்து தள்ளினார். தன் பூட்ஸுக்காகத்தான் சாக்கு விரித்தார்கள் என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் முதல் வருடம் நடந்த ஒரு தப்பு.

அந்த வருடம்தான் மில்லில் போட்டி ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த இவரைக் கூப்பிட்டு, முக்கியஸ்தர்கள் வருகிறார்கள், களத்தை நன்றாக வைக்கவேண்டும் என்று சொன்னது நான்தான். நம் வீட்டுக்கு நாலு பேர் வந்தால் வாசலை என்ன செய்வோமோ அதையே அவர் செய்தார். விடிவதற்குள் பசுஞ்சாணியைக் கரைத்து, களம் முழுவதும் பதமாகத் தெளித்து, வாரியலால் இழுத்துவிட்டார். காலையில் போய்ப் பார்த்தபோது பச்சை கலந்த அந்தத் தரை அவ்வளவு அழகாக இருந்தது. நான் மனதாரப் பாராட்டினேன். மேனேஜர் பாராட்டினார். அதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சாணி மேலே தோலாகக் காய்ந்து, அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. வாசலில் நடக்கத்தான் செய்வோம், யாரும் பாய்ந்து திரும்புவதில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் அணியில் முன்வரிசையில் ஆடிய கோதண்டம் என்கிற இருபது வயதுப் பையன் பந்துக்குத் திரும்பினான். சாணித் தோல் பெயர்ந்து கால் போன திசை வேறு, உடம்பு போன திசை வேறு. முட்டி பிசகிவிட்டது. கட்டு வைத்தியம், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தும் வலது கால் பழையபடி வரவில்லை. போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பையன். அந்த வழி அதோடு அடைபட்டது.

ஆட்டத்தில் கை கால் அடிபடுவது சகஜம் என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். அந்த ஆறுதல் எங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவார். முதல் தடவை கோதண்டத்தின் அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினாராம். இரண்டாம் தடவை பேசாமல் இருந்தாராம். மூன்றாம் தடவை குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம். இதையெல்லாம் அவர் வருத்தமாகச் சொன்னதில்லை. வாரியலைத் தட்டிக்கொண்டே, பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அடுத்த வருடம் போட்டிக்கு அழைப்பிதழ் கொடுக்க நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது இவரும் கூட வந்தார். கோதண்டம் அதற்குள் மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிற வேலையைப் பழகியிருந்தான். ஆடத்தான் முடியாது, மட்டையைத் தொடாமலும் இருக்க முடியாது. இவர் அவன் எதிரில் உட்கார்ந்து, போட்டி நாளில் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னால் அவன் வந்து களத்தில் நடந்து பார்க்கவேண்டும் என்றார். அவன் சரி என்றால்தான் யாரையும் உள்ளே விடுவாராம்.

அவன் நரம்பை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டான். "இந்த நொண்டிக்காலை வச்சா யக்கா?"

"நல்ல காலு எங்கயும் நின்னுரும் தம்பி. ஒன் காலு நிக்குதான்னுதான் எனக்குத் தெரியணும்."

எனக்குச் சுருக்கென்றது. இப்படியா ஒரு பையனிடம் முகத்துக்கு நேரே கேட்பது என்று அவர் மேல் கோபம்கூட வந்தது. ஆனால் அவன் வந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தான். போட்டி நடக்கிற நாள் எல்லாம் காலை பஸ்ஸில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தின் நான்கு மூலைக்கும் நடப்பான். வலைக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த வலது காலை ஊன்றி மெதுவாகத் திரும்புவான். இவர் ஓரத்தில் நின்று அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "சரியா இருக்குக்கா" என்று அவன் சொன்ன பிறகுதான் வலையை இழுத்துக் கட்டச் சொல்வார். அவன் பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு மட்டை கட்டுவான். இதைச் சிலர் பரிகாரம் என்றார்கள், சிலர் பைத்தியம் என்றார்கள். நாளடைவில் ஆட்டக்காரர்கள் அவன் நடந்துவிட்டானா என்று கேட்டுவிட்டு மட்டையை எடுக்க ஆரம்பித்தார்கள்.

இனி என் காரியத்துக்கு வருகிறேன்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் ஒரு வருடம், எங்கள் மில் அணி முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே சென்னையிலிருந்து வந்த அணி. எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்கள், சும்மா பறந்தார்கள். எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள். கேடயத்தை வைக்க எங்கள் மேனேஜர் ஆபீஸ் முகப்பில் கண்ணாடி அலமாரி செய்து தயாராக வைத்திருந்தார். அலமாரி செய்த பிறகு தோற்பது அவருக்குக் கௌரவப் பிரச்சினை.

களம் பார்க்கிற அவரை வேலையில் நிரந்தரமாக்கவேண்டும் என்று நான் மூன்று வருடமாக மேனேஜரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நிரந்தரம் என்றால் மில் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு, மகளுக்கு மில் பள்ளிக்கூடத்தில் இடம், மழை பெய்தாலும் சம்பளம். பதினொரு வருடத் தினக்கூலிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவேண்டியதில்லை. அரையிறுதி முடிந்த அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உத்தரவை டைப் அடித்து வைக்கச் சொன்னார். கேடயம் அலமாரிக்கு வந்த சாயங்காலமே கையெழுத்து என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். மெட்ராஸ் பையன்களுக்குக் காலில்தான் வேகம், அந்தக் காலைக் கட்டிப்போட்டால் ஆட்டம் நமக்கு, களத்தில் ஈரத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்கள் என்றார். நம் ஆட்கள் நின்று ஆடுகிறவர்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாதாம்.

இரண்டு சேதியையும் சேர்த்தே அவரிடம் கொண்டுபோனேன். உத்தரவு டைப் ஆகி என் டிராயரில் இருக்கிறது என்று கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். வாரியலைக் கீழே வைத்துவிட்டார். மகளிடம் இப்போதே சொல்லலாமா, பிறகு சொல்லலாமா என்று கேட்டார். அடுத்து ஈரத்தைப் பற்றிச் சொன்னேன். வாரியலை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அது வேற, இது வேற சார்" என்றார். அவ்வளவுதான் பதில்.

மேனேஜரிடம் போய், சொல்லிவிட்டேன், செய்துவிடுவார் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு. காலையிலேயே கோதண்டம் வந்து நடந்துவிட்டான், களம் கச்சிதமாக இருந்தது. ஒரு மணிக்கு அவர் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனார். இறுதி நாளில் மட்டும் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவார். மைதானத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. நான் ஆபீசுக்குப் போய் டிராயரைத் திறந்தேன். உத்தரவுக் காகிதம் மேலே இருந்தது. அதற்குப் பக்கத்தில் தோட்டத்துக் குழாயின் வால்வு சாவி இருந்தது.

அவருக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய பிடிவாதத்தால் அவர் வாழ்க்கையே வீணாகிவிடக்கூடாது, படித்தவன் நான் பார்த்துச் செய்யவேண்டும் என்றெல்லாம் அழகாக நினைத்துக்கொண்டேன். வால்வைத் திறந்து குழாயை இரண்டு பாதிக்கும் இழுத்து, இருபது நிமிடம் பிடித்தேன். வெயிலில் மேல்மண் காய்ந்துவிடும், அடியில் மட்டும் ஈரம் நிற்கும், யாருக்கும் தெரியாது என்பது என் ஞானம்.

இரண்டரை மணிக்கு அவர் வந்தார். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். களத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்தபடியே நின்றார். நல்ல சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு மில்லுக்குள் ஓடினார். கழிவுப் பஞ்சை மூட்டை மூட்டையாகத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். களம் முழுவதும் பரப்பி, மேலே ரோலரை இழுக்கச் சொல்லி, ஈரத்தைப் பஞ்சு குடித்ததும் அள்ளி எறிந்தார். திரும்பப் பரப்பினார். பிறகு சலித்த மணலைத் தூவி வாரியலால் இழுத்தார். மேற்குப் படுதா முழுவதையும் அவிழ்த்துக் காற்றை உள்ளே விட்டார். இரண்டு மணி நேரம் அந்த மே மாத வெயிலில் அவர் நிமிரவில்லை.

நாலரை மணிக்குக் கூட்டம் நிரம்பிவிட்டது. தலைமை விருந்தினர் சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒலிபெருக்கியில் அணிகளின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். கிழக்குப் பாதி காய்ந்திருந்தது. நிழல் விழுகிற மேற்குப் பாதி இன்னும் வரவில்லை. அவர் வேப்பமரத்தடியைப் பார்த்துக் கையைக் காட்டினார். கோதண்டம் மட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

கிழக்குப் பாதியில் நடந்தான். மேற்குப் பாதிக்கு வந்தான். வலைக்குப் பக்கத்தில் வழக்கம்போல அந்தக் காலை ஊன்றித் திரும்பினான். கால் இழுத்துக்கொண்டு போனது. ஒரு கை வலைக்கம்பத்தைப் பிடித்ததால் விழவில்லை, தொங்கினான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த ஒரு கணத்தில் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. அவர் ஓடிப்போய் அவனைத் தோளில் தாங்கி நிறுத்தினார். பிறகு நடுவரைப் பார்த்து, இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார்.

மேனேஜர் வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஏம்மா, தலைவர் எம்புட்டு நேரமா உக்காந்திருக்காரு. தள்ளு அங்கிட்டு."

அவர் களத்தின் நடுவில் நின்றபடியே சொன்னார். "அவிய உக்காந்துதான சார் இருக்காவ. இவிய ஓடணும்லா."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒலிபெருக்கி மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. தலைமை விருந்தினரே சிரித்துவிட்டு, செத்த நேரம் இருப்போமே என்று சொல்லிவிட்டார். நடுவரும் தலையசைத்தார். மேனேஜர் திரும்பிப்போய் உட்கார்ந்தார். போகும்போது அந்த மேனேஜர் பார்த்த பார்வையிலேயே என் டிராயரில் இருந்த காகிதத்தின் கதி எனக்குத் தெரிந்தது.

மறுபடி பஞ்சு, மறுபடி மணல், கடைசியில் படுதாவையும் திரும்பக் கட்டினார். ஐந்து மணிக்கு மேல் கோதண்டம் இரண்டாம் முறை நடந்தான். இந்தமுறை மைதானமே அவன் காலைத்தான் பார்த்தது. வலைக்குப் பக்கத்தில் ஊன்றித் திரும்பினான், நின்றான். "சரியா இருக்குக்கா" என்றான். மெட்ராஸ் பையன்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

ஆட்டம் மூன்று செட்டும் போனது. கடைசி செட்டில் இருபத்தேழு, இருபத்தேழு வரை வந்து, இரண்டு புள்ளியில் தோற்றோம். எங்கள் ஆட்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஆடியதில்லை. கண் மறைகிற வெளிச்சத்தில் கேடயத்தை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பையன்கள் ரயிலுக்குப் போனார்கள். அவர் அதற்குள் களத்தில் சிந்திக்கிடந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆபீசில் மேனேஜர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "அந்த ஆர்டரைக் கிழிச்சிருங்க." நான் கிழிக்கவில்லை, மடித்து ஒரு பழைய ஃபைலில் வைத்தேன். அப்படி வைத்ததில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. அதனால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்குப் பிறகு வந்த மேனேஜரிடமும் கேட்டுப் பார்த்தேன். தொண்ணூறுகளில் தோட்டப் பிரிவையே காண்டிராக்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் கடைசிவரை தினக்கூலிதான். மகள் நர்சிங் படித்து வேலைக்குப் போனாள். அதில் மில்லுக்கும் பங்கில்லை, எனக்கும் பங்கில்லை.

இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் காலை, உத்தரவு வராது என்று அவரிடம் சொல்ல மைதானத்துக்குப் போனேன். இரவெல்லாம் யோசித்து ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். அடுத்த வருடம் பார்ப்பதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார் என்று ஆரம்பித்தேன். அவர் பூவாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். போட்டி முடிந்தால் என்ன, தரையை அப்படியே விட்டால் வெடித்துவிடும். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை, அதுவரைக்கும் நல்லதாகப் போயிற்று என்றார். பூவாளியைக் கீழே வைத்தார்.

"வால்வுக்கு ரெண்டு சாவிதான் சார். ஒண்ணு எங்கிட்ட இருக்கு."

இன்னொன்று எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. உங்களுக்காகத்தான் என்று சொல்ல நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. அந்த ஒரு அசிங்கத்திலிருந்து மட்டும் தப்பித்தேன்.

"இன்னொரு வருசம் தொறக்குறதா இருந்தா எங்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அந்தத் தம்பிய நான் வரச் சொல்ல மாட்டேன். அவனுக்கு மிச்சம் இருக்கது ஒத்தக் காலு."

நான் ஆபீசுக்கு நடந்துபோய் டிராயரிலிருந்து சாவியை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, செத்த அங்கிட்டு நில்லுங்க சார் என்றார். நான் நின்றிருந்த இடத்துக்கும் தண்ணீர் தெளிக்கவேண்டியிருந்தது.